ரயில் விழுங்கிய வசனம்

வெள்ளவத்தையில் மேல்மாடி வகுப்பு.
சன்னலுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம்,
அதற்கும் அந்தப் பக்கம் கடல்.
செவ்வாயும் வியாழனும் ஐந்தரைக்குக்
கந்தோர் முடிந்த முகங்களோடு
பதினொரு பேர் வருவார்கள் தமிழ் படிக்க.
சித்தியடைந்தால் சம்பளத்தில் கொஞ்சம் கூடும்.
அதை நான் குறையாகச் சொல்லவில்லை.
எனக்கும் மணித்தியாலக் கணக்கில்தான் காசு.

பாடநூலில் ஒரு குடும்பம் இருக்கிறது.
அப்பா பத்திரிகை வாசிக்கிறார். அம்மா சமைக்கிறார்.
நாற்பது பக்கமாக
அப்பா அந்தப் பத்திரிகையை முடிக்கவில்லை,
அம்மாவின் சோறு வேகவில்லை,
ஒருவருக்கும் ஒருவரோடும் கோபமில்லை.
கோபமில்லாத வீட்டில்
வினைச்சொல்லுக்கு என்ன வேலை?

ஒரு சிறுகதையின் கடைசிப் பக்கத்தைப்
போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தேன்.
'அவள் கதவைத் திறக்கவில்லை,
கதவுதான் அவளைத் திறந்தது.'
லியனகே கை உயர்த்தினார்.
பொலிஸ். இருபத்தாறு வருட சேவை.
"மிஸ், அச்சுப்பிழை."
இல்லை என்றேன்.
"ஐ வந்தால் செயப்படுபொருள் என்று
போன கிழமை நீங்கள்தானே சொன்னீங்கள்.
அப்ப அவதான் திறபடுறா. கதவு ஆளைத் திறக்குமா?"
திறபடுறா.
நான் படிப்பிக்காத அந்தச் சொல்லைத்
தன்பாட்டில் செய்து மேசையில் வைத்தார்.
சிவப்புப் பேனையை மூடினேன்.

வியாழன், படம்.
வெள்ளைப்பலகைதான் திரை.
பகல் ரியூசன்காரர் அழிக்காமல் விட்ட கணக்கு
நடிகையின் கன்னத்தில் மிஞ்சியிருக்கும்.
காட்சி சின்னது.
மழை. இரவு. தெரியாத ஒருவன் வாசலில்.
விளக்கோடு ஒரு பெண் வருகிறாள்,
பார்க்கிறாள்,
வாய் திறக்கிறாள்

அந்த நேரம் பார்த்துப் பாணந்துறை ரயில்.
சன்னல் கம்பி, கதிரை, என் பல் எல்லாம் அதிர
உதடு மட்டும் அசைகிறது.
ரயில் போனபோது அவன் உள்ளே இருக்கிறான்.
ஈரத் தலை. கையில் தேத்தண்ணி.

"திரும்பப் போடுங்கோ மிஸ்."
போடவில்லை.
என்ன சொன்னாள்? எழுதுங்கோ. ஒரேயொரு வசனம்.

களுபோவில ஆஸ்பத்திரித் தாதி அயோமி:
'எங்கே நோகுது?'
நூலில் வலிக்கிறது என்றுதான் இருக்கிறது.
நோகுதை அவளுக்கு வார்ட் சொல்லிக்கொடுத்தது.
தபால் கந்தோர் பியசோம:
'இதில் கையொப்பம் வையுங்கள்.'
சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.
காணிப் பதிவகத்து ருவனி:
'இது உங்கட வீடுதான்.'
எழுதிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

லியனகே:
'யார் நீ? எங்கே போறாய்?'
எழுத்தில் பிழையில்லை. கேள்விக்குறி இரண்டும் சரி.
இந்த வசனத்தை அவர் இங்கே படிக்கவில்லை.
நானும் இங்கே படிக்கவில்லை.
ஒரு பஸ்ஸின் மிதிபலகையில்,
மற்றப் பக்கத்தில் நின்று படித்தேன்.
பத்துக்கு எத்தனை போடுவது?
பேனையோடு நின்றேன்.

அவர் பலகையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.
"இவ இப்படிக் கேட்டிருந்தால்
அவன் உள்ளுக்கு வந்திருக்க மாட்டான், என்ன மிஸ்?"
அழிறப்பர் கேட்டார்.
பேனையால் எழுதியது, அழியாது என்றேன்.
ஒரு கோடு இழுத்து, கீழே:
'நனையாமல் உள்ளுக்கு வாங்கோ.'
"அவன் ஏற்கெனவே நனைஞ்சிட்டானே" என்றாள் அயோமி.
"பரவாயில்லை, இனி நனையாமல்."
எதிர்மறை வினையெச்சம் பன்னிரண்டாம் பாடம்.
நாங்கள் இன்னும் எட்டில் நிற்கிறோம்.

இரவு வீட்டில் தனியே
அந்த இடத்தைப் போட்டுக் கேட்டேன்.
'செருப்பை வெளியில விடுங்க. சேறு.'
அவ்வளவுதான் சொல்கிறாள்.

செவ்வாய், கதவடியிலேயே கேட்டார்கள்:
உண்மையில் என்ன சொன்னா மிஸ்?
மணி பார்த்தேன்.
ரயிலுக்கு இன்னும் நாலு நிமிஷம்.
காட்சியைச் சரியாக நாலு நிமிஷம்
பின்னுக்கு இழுத்துவிட்டு
மின்விளக்கை அணைத்தேன்.